சித்தேரி டிவி அறையும் சக்திமானை எழுதியவர்களும்

சித்தேரியில் பஞ்சாயத்து டிவி இருந்த அறைக்கு இரண்டு பூட்டு. ஒன்று அறைக் கதவில். இன்னொன்று, டிவியை உள்ளே வைத்து அடைத்திருந்த இரும்புப் பெட்டியில். இரண்டு சாவியும் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் அண்ணனின் இடுப்புக் கயிற்றில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அண்ணன் எங்கே இருக்கிறார் என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாலும் தேடிப்போய் வரப்பில் நின்றுகொள்வோம். "இன்னும் நேரம் இருக்குது, போங்கடா" என்பார். போக மாட்டோம். பன்னிரண்டு மணிக்கு 'சக்திமான்' தொடர்.

1990களின் கடைசி அது. அரூர்ப் பக்கமிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் மலைப்பாதையில், கிழக்குத் தொடர்ச்சி மலைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். சாமை, தினை, கேழ்வரகு விளையும். புளியும் கடுக்காயும் தேனும் காட்டிலிருந்து வரும். கீழே அரூரில் வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி போய்க்கொண்டிருந்த காலத்தில் மலைமேல் எங்களுக்குத் தூர்தர்ஷன் மட்டும்தான். அதற்கும் மூங்கில் கழி கட்டி ஏரியலை உயர்த்த வேண்டும். காற்று பலமாக அடித்தால் ஒருவன் வெளியே ஓடிப்போய்க் கழியைத் திருப்புவான். உள்ளே இருப்பவர்கள் "வருது, வருது, போச்சு" என்று கத்துவார்கள். மார்கழியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் திரையிலும் பனிமூட்டம்தான். படம் போய்க் குரல் மட்டும் வந்தாலும் ஒருவரும் எழுந்து போனதில்லை.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளும் அன்றைக்கு வருவார்கள். கலசப்பாடி, அரசநத்தம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் ஊருக்கு அப்போது வண்டிப்பாதை கிடையாது. காட்டு வழியில் நடந்தே வந்து பள்ளியில் சேர்ந்தவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எங்களோடு அவ்வளவாகப் பேசாதவர்கள் சக்திமான் முடிந்த பிறகு எங்களைவிட அதிகமாகப் பேசுவார்கள். அவர்களில் ஒருவன், சக்திமான் சுழல்கிற மாதிரியே ஒற்றைக் காலில் சுழன்று நிற்பான். எனக்கு ஒருநாளும் அது வரவில்லை.

அந்த டிவி கறுப்பு வெள்ளை. சக்திமானின் உடுப்பு என்ன நிறம் என்பது எங்களுக்குள் பெரிய வழக்கு. நீலம் என்றது ஒரு கட்சி, பச்சை என்றது இன்னொரு கட்சி. பள்ளி திறக்கும் மாதத்தில் அரூர் பேருந்து நிலையத்துக் கடையில் நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டும் லேபிள் அட்டை தொங்கியது. அதில் சக்திமான் நின்றான். கருஞ்சிவப்பும் தங்க நிறமும். அப்பாவிடம் கெஞ்சி ஓர் அட்டை வாங்கி மலைக்குக் கொண்டுவந்து காட்டியபோது இரண்டு கட்சியும் வாயடைத்துப் போனது. அதற்குப் பிறகு கறுப்பு வெள்ளைத் திரையிலேயே எனக்குக் கருஞ்சிவப்பு தெரிந்தது.

தொடர் இந்தியில் வந்தது. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தெரிந்த ஒரே ஆள், நாமக்கல் லாரிகளில் கிளீனராகப் போய் நாக்பூர், இந்தூர் எல்லாம் பார்த்துவிட்டு வந்த மாமா. லாரி மாமா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவர் ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் அறை நிரம்பி ஜன்னலிலும் தலைகள். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வில்லன் தம்ராஜ் கில்விஷ் இருட்டைப் பற்றி முழங்கும்போது, "பாருடா, இந்த ஊர்ல இனிமே வெளிச்சமே இருக்கக் கூடாதாம், அப்புடிங்குறான்" என்பார். சக்திமானின் மாறுவேடமான கங்காதர் பல்லைக் காட்டிக்கொண்டு பத்திரிகைக்காரி கீதா விஷ்வாஸிடம் அசடு வழியும்போது, "இவன்தான் அவன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியல, நமக்குத் தெரியுது" என்பார். அவருக்குப் புரியாத இடங்களும் வரும். அங்கே அவர் நிறுத்தமாட்டார். தானே ஒரு பேச்சை வைத்துக் கதையை நகர்த்திவிடுவார். மின்சார மனிதன் வந்தபோது அவன் நம் மலைக்குக் கரன்ட் கொண்டுவந்த கம்பியிலிருந்து இறங்கியவன் என்றார். நாங்கள் நம்பினோம். இன்றைக்கும் எனக்கு அந்தக் கதைதான் உண்மையான கதை.

பெரியவர்களுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவை அவர்கள் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீஷ்மராகப் பார்த்தவர்கள். கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே தொடரில் துரோணர். எங்கள் ஆயா வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "பீஷ்மருக்கும் துரோணருக்கும் இன்னுமா சண்ட தீரல?" என்று கேட்பார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஒரு ஞாயிறு, தொடர் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மோட்டார் அண்ணன் பெட்டியைப் பூட்ட எழுந்தார். உறைவிடப் பள்ளியின் வாத்தியார் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். "பூட்டாதப்பா, கொஞ்சம் இரு" என்றார். எங்களைப் பார்த்து, "இதெல்லாம் யாரு பேருன்னு தெரியுமா?" என்று கேட்டார். நடித்தவர்கள் பெயர் என்றோம். "நடிச்சவங்க பேரும் இருக்குது. அதுல ஒருத்தரு இந்தக் கதைய எழுதுனவரு. மேசைல உக்காந்து, சக்திமான் இந்த வாரம் என்ன பண்ணணும், அடுத்த வாரம் என்ன பண்ணணும்னு எழுதுறாரு. அவரு எழுதலைன்னா சக்திமான் பறக்க முடியாது." 

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. சக்திமானுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கையில் பேனா இருக்கிறது என்பது அதுவரை என் அறிவுக்கு எட்டாத சேதி. அடுத்த வாரத்திலிருந்து நான் பார்த்தது அந்தக் கடைசி எழுத்துகளைத்தான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஓடிவிடும். ஒரு பெயரைப் பாதி இந்த வாரமும் மீதி அடுத்த வாரமுமாகப் பிடிப்பேன்.

பின்னாளில் அந்தப் பெயர்களை முழுதாகத் தெரிந்துகொண்டேன். எழுதியவர்களில் ஒருவர் காலிப் அசத் போபாலி. இந்தித் திரைப்படப் பாடலாசிரியர் அசத் போபாலியின் மகன். இன்னொருவர் பிரிஜ் மோகன் பாண்டே. இயக்கியவர் தின்கர் ஜானி. தயாரிப்பாளர், நாயகனாக நடித்த முகேஷ் கன்னாவேதான். நிறுவனத்துக்குப் பீஷ்ம் இன்டர்நேஷனல் என்று பெயர். ஆயா சொன்னது முழுக்கத் தப்பில்லை. 1997 செப்டம்பரில் தொடங்கிய தொடர் 2005 மார்ச் வரை, நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் வந்தது.

தூர்தர்ஷனில் அன்று இப்படியொரு தொடரை நடத்துவது எத்தனை பெரிய சூதாட்டம் என்பதும் பிறகுதான் புரிந்தது. விளம்பரதாரர் நிகழ்ச்சி என்று அந்த முறைக்குப் பெயர். தயாரிப்பாளர்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதி ஒளிபரப்பாவதற்கும் லட்சக்கணக்கில் கட்டணம். அதற்கு ஈடாக நிகழ்ச்சிக்கு நடுவே சில நிமிட விளம்பர நேரம் கிடைக்கும். அதைத் தயாரிப்பாளரே அலைந்து திரிந்து விற்றுக்கொள்ள வேண்டும். விற்றால் லாபம், விற்காவிட்டால் படப்பிடிப்புச் செலவும் போச்சு, கட்டிய கட்டணமும் போச்சு. சக்திமானுக்கு நடுவே பார்லே-ஜி பிஸ்கட் விளம்பரம் வந்ததும், பிஸ்கட்டோடு சக்திமான் ஸ்டிக்கர் வந்ததும் இந்தக் கணக்கால்தான். முதலில் சனிக்கிழமை காலையில் வந்த தொடர் ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கு மாறியபோது பார்வையாளர் கூட்டமும் பெருகியது, கட்டணமும் ஏறியது. கட்டணம் ஏறிக்கொண்டே போனதுதான் தொடரை நிறுத்தக் காரணம் என்று முகேஷ் கன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பறக்கிற காட்சியை ஒரே நிறத் திரைக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படமெடுத்து, பின்னால் வானத்தைக் கணினியில் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்து இந்தியத் தொலைக்காட்சியில் அதுவும் எளிய செலவில்லை. ஒரு மனிதர் அத்தனை பாரத்தையும் தன் தோளில் வைத்துக்கொண்டு, அதே தோளில் அங்கியையும் மாட்டிக்கொண்டு சுழன்றிருக்கிறார்.

வாத்தியார் சொன்ன அந்தச் சேதி என்னை ஓர் அஞ்சலட்டை எழுத வைத்தது. எழுத்தாளருக்குத்தான் எழுதினேன், சக்திமானுக்கு அல்ல. பெயர் தெரியாததால் "சக்திமான் கதை எழுதும் ஐயா அவர்களுக்கு, பம்பாய்" என்று முகவரி. தமிழில் முழு அட்டையும் நிறைய எழுதினேன். சக்திமான் ஒருமுறை எங்கள் மலைக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிடும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்த நேரத்தில் அவர் வந்தால் போதும், சண்டை ஒன்றும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். வாத்தியாரிடம் காட்டினேன். படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, "இது கதை. நீ இன்னும் கொஞ்சம் எழுது" என்றார். அவரே தபால் பெட்டியில் போட்டார். நான் எழுதிய முதல் கதை அதுதான்.

ஏன் அப்படி ஒரு கதை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது? தொடரில் வந்த ஆபத்துகள் எல்லாம் நகரத்து ஆபத்துகள். பத்திரிகை அலுவலகம், உயரமான கட்டடம், கார் துரத்தல். எங்கள் மலையில் ஆபத்துக்கு வேறு முகம். மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள், ஆட்களை அடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான் டிவி அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்களிடம் யாரும் விவரம் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமல் இருக்குமா? அக்கிரமம் நடக்கிற இடத்துக்கு ஒருவர் பறந்து வருவார் என்ற கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எவ்வளவு ஆழமாகப் பிடித்தது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. கதை எழுதுகிறவரின் மனத்தில் எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் நாயகன் போகிறான். பம்பாயில் உட்கார்ந்து எழுதியவரின் மனத்தில் சித்தேரி எப்படி இருக்கும்? அது அவர் குற்றமும் இல்லை.

சக்திமான் சுத்தமான அறிவியல் புனைவு என்று நான் சொல்லமாட்டேன். அவன் சக்தி பஞ்சபூதங்களிலிருந்தும் யோகத்திலிருந்தும் வந்தது; சூரியான்ஷிகள் என்ற குருமார் கூட்டம் அவனைத் தேர்ந்தெடுத்தது. அறிவியல் இருந்தது எதிரி முகாமில். லலித் பரிமூ நடித்த டாக்டர் ஜாக்கால்தான் விஞ்ஞானி. பளபளக்கும் குழாய்களுக்கு நடுவே நின்றுகொண்டு "பவர்" என்று கத்துகிறவன். எனக்கு இன்றும் அந்தக் கதையமைப்பின்மீது வருத்தம் உண்டு. கோடிக்கணக்கான பிள்ளைகள் வாராவாரம் பார்த்த தொடரில் ஆய்வகம் என்றாலே தீமை பிறக்கும் இடம். கீழே உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது வேதியியல் ஆய்வகக் கதவருகில் எங்கள் மலைப் பையன் ஒருவன் தயங்கி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எழுதுகிறவர் போகிறபோக்கில் வைக்கிற ஒரு ஏற்பாடு பிள்ளைகள் மனத்தில் இப்படித்தான் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பொறுப்பைத் தொடரை எடுத்தவர்கள் உணரவில்லை என்றும் சொல்ல முடியாது. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று பிள்ளைகள் விபரீதங்களில் இறங்குவதாக அன்று செய்திகள் வந்தன. நாடு முழுக்கப் பேச்சானது. முகேஷ் கன்னா தொடரின் முடிவில் சக்திமான் உடுப்பிலேயே வந்து பிள்ளைகளிடம் நேராகப் பேசினார். பல் துலக்குவது, பொய் சொல்லாமல் இருப்பது என்று சின்னச் சின்ன நல்ல பழக்கங்களும் அந்தப் பகுதியில் வரும். தப்புச் செய்த பிள்ளை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்கும். லாரி மாமா அதை மட்டும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பார். அவர் முகமே அப்போது மாறிவிடும். பாறைமேல் ஏறிக் குதிக்கத் தயாராக இருந்த பையன்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு வைத்து மறுபடியும் சொல்லுவார்.

அதே காலத்தில் 'கேப்டன் வியோம்' வந்தது. கேதன் மேத்தா இயக்கியது. மிலிந்த் சோமன் நாயகன். விண்வெளிச் சிறையிலிருந்து தப்பிய குற்றவாளிகளைத் துரத்துகிற கதை. அதுதான் அசலான விண்வெளிக் கதை. ஆனால் அந்தத் தொடர் வரும் நேரமெல்லாம் எங்கள் ஊரில் கரன்ட் இருந்ததாக நினைவில்லை. துண்டு துண்டாகத்தான் பார்த்தேன்.

மலையை விட்டு இறங்கி, கல்லூரி படித்து, கணினி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உலகத்தில் இப்படித் தொடர் எடுக்கும் வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். என் கண் முதலில் தேடியது நடிகர்களை அல்ல, எழுதியவர்களையும் தயாரித்தவர்களையும்தான்.

பிரிட்டனில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். செய்தி அமளியில் பலர் பார்க்காமல் போனதால் அடுத்த வாரம், முதல் பகுதியை மறுபடியும் போட்டார்கள். அதைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற 27 வயதுப் பெண். அப்போது பிபிசி நாடகத் துறையில் அவர் ஒருவர்தான் பெண் தயாரிப்பாளர். இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். ஆண்களும் வெள்ளையர்களும் நிறைந்த கட்டடத்தில் ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்திய இளைஞரும் சேர்ந்து தொடங்கி வைத்ததுதான் உலகத்தின் மிக நீண்ட அறிவியல் புனைவுத் தொடர். இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை அடக்க முடியவில்லை. கூட இருந்த நண்பர்களை எல்லாம் உலுக்கி உலுக்கிச் சொன்னேன். துருத்திய கண்ணுள்ள வேற்றுக்கிரகப் பூதங்கள் தொடரில் வரவே கூடாது என்று மேலிடத்திலிருந்த சிட்னி நியூமன் சொல்லியிருந்தார். டெரி நேஷன் எழுதிய, டாலெக்குகள் என்ற வேற்றுக்கிரக எதிரிகளின் கதை கைக்கு வந்தபோது வெரிட்டி லாம்பர்ட் அதற்காக உறுதியாக நின்றார். அந்த டாலெக்குகள்தான் தொடரைத் தூக்கி நிறுத்தின. வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் இன்று இல்லை. நாடாக்களை மறுபடி பயன்படுத்தவும் இடத்தை மிச்சப்படுத்தவும் பிபிசி அழித்துவிட்டது.

அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' 1966இல் வந்தது. நம் தூர்தர்ஷனிலும் 1980களில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓடியது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த உலகத்துக்குச் சட்டதிட்டம் வகுத்ததில், அதை எழுதித் தயாரித்த ஜீன் கூனுக்குப் பெரும் பங்கு உண்டு. ராடன்பெரியின் செயலாளராக இருந்து கதைப் பொறுப்பாசிரியர் ஆன டோரத்தி ஃபாண்டானா, பெண் எழுதினாள் என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் டி.சி. ஃபாண்டானா என்று முன்னெழுத்துகளுக்குப் பின்னால் மறைந்து எழுதினார். இரண்டு பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்று பேச்சு கிளம்பியபோது பார்வையாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை என்பிசி நிறுவனத்துக்கு எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது பருவம் கிடைத்தது. 79 பகுதிகளோடு 1969இல் நின்றாலும் 1987இல் புதிய தலைமுறையோடு மறுபடி எழுந்தது.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. 1989 வாக்கில் எழுத்துக் குழுவுக்குத் தலைவராக வந்த மைக்கேல் பில்லர், யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். முகவர் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஆயிரக்கணக்கில் வந்த பிரதிகளைப் படிக்க ஆள் போட்டார். பிள்ளைப் பிராயத்தில் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த ரொனால்ட் மூர் அந்தக் காலத்தில்தான் எழுத்தாளராக உள்ளே வந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவரோடு படித்த நண்பர் நரேன் சங்கர், இந்திய வம்சாவளிக்காரர், பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், அதே தொடருக்கு அறிவியல் ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் ஆனார். பிறகு 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை நடத்திச் சென்றவரும் அவரே. டாக்டர் ஹூவிலும் இதே கதைதான். 1986இல் ரசிகர் மன்றப் பையனாகத் தொலைக்காட்சியில் தோன்றி, தொடரின் கதை சரியில்லை என்று எழுத்தாளர்கள் முகத்துக்கு நேரே சொன்ன கிறிஸ் சிப்னால், பின்னாளில் அதே தொடரின் தலைமை எழுத்தாளர் ஆனார். 1989இல் நின்றுபோன தொடரை மீட்டுக்கொண்டுவந்த ரஸ்ஸல் டி. டேவிஸும் சிறுவயதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். பார்த்த பிள்ளை வளர்ந்து பேனாவை வாங்கிக்கொள்ள வழி இருந்ததால்தான் அந்தத் தொடர்கள் தலைமுறை தாண்டின.

டேவிஸின் டாக்டர் ஹூ திரும்பி வந்தது 2005 மார்ச்சில். சக்திமான் நின்றதும் அதே 2005 மார்ச்சில்தான். ஒன்றை ஒரு நிறுவனமும் எழுத்தாளர் வரிசையும் தாங்கின. மற்றதை ஒரே மனிதரின் பணமும் உடம்பும் தாங்கின. முகேஷ் கன்னாவின்மேல் எனக்குள்ள மரியாதை இதனால் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் பேனாவோடு நிற்க யாரையும் நம் தொலைக்காட்சி வளர்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2006இல், தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அது மலைக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு நிறம் வந்தபோது சக்திமான் இல்லை. டிவி அறை பஞ்சாயத்துச் சாமான் போடுகிற இடமாக ஆனது.

தமிழில் ஆளில்லையா? சுஜாதா இருந்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தை மேற்பார்த்தவர். ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதி, ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ்நாட்டுக்கே செல்லப்பிராணி ஆக்கியவர். அது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. கல்லூரி நூலகத்தில் அந்த நாவலைப் படித்தபோது, நல்லவர் பக்கமும் இயந்திரம் நிற்கலாம், சிந்திக்கலாம், புத்தகம் படிக்கலாம் என்று ஒரு தமிழர் எழுதியிருப்பதைக் கண்டு ஜாக்காலின் ஆய்வகம் என் மனத்திலிருந்து ஒரேயடியாகக் காலியானது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வந்தது. கறுப்பசாமி குதிரையில் வருகிற கதையை மனநோய் மருத்துவத்தில் கொண்டுபோய் முடித்த துணிச்சல் அதில் இருந்தது. குடும்பத் தொடரான 'கோலங்கள்' 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. ஆக, எழுதத் தெரிந்தவர்களும் உண்டு, ஆண்டுக்கணக்கில் இழுத்துப் போகும் வலுவும் உண்டு. பிள்ளைகளுக்கான அறிவியல் கதைக்கு அந்த வலுவைத் தர வேண்டும் என்று தொலைக்காட்சி முதலாளிகளுக்குத் தோன்றவில்லை.

தொலைக்காட்சியிலும் ஓடிடி நிறுவனங்களிலும் முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் புனைவுத் தொடரைத் தொடங்குங்கள். ஒரே நாயகனை நம்பி வேண்டாம். எழுத்தாளர் அறை ஒன்றை நம்பித் தொடங்குங்கள். அதில் இயற்பியல் படித்தவர் ஒருவர் இருக்கட்டும், பெண்கள் தங்கள் முழுப் பெயரோடு இருக்கட்டும். மைக்கேல் பில்லர் செய்த மாதிரி, வெளியிலிருந்து வருகிற கதைகளைப் படிக்க ஓர் ஆளைப் போடுங்கள். கதை அனுப்ப வேண்டிய முகவரியை ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தமிழில் போடுங்கள். பிள்ளைகள் படித்து முடிக்கும் அளவுக்கு அது திரையில் நிற்கட்டும்.